முப்பத்தொன்றாவது நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத்தாளர்கள் இதைச் சொல்லும்போது வழக்கமாக மழை வரும், ரயில் வரும், எதிர் இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு இது கிடைத்தது பிரிண்டரில் காகிதம் சிக்கியதால். என் நாவலின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பாதி விழுங்கிவிட்டு அது அசையாமல் நின்றது. (அந்த நாவலை அதுவரை உள்ளே வாங்கிக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான். அதற்கும் செரிக்கவில்லை.) அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சர்வர்களைப் பராமரிப்பவள். ஊரில் யாருக்காவது மூச்சு முட்டினால் தொலைபேசி அங்கேதான் அடிக்கும். அங்கிருந்துதான் வண்டி போகும்.

"சர்வர் பாக்கறவள பிரிண்டருக்குக் கூப்பிடறான்னு கோச்சுக்காதக்கா" என்றேன்.

"இப்ப எனக்கு அதான் வேலை. ரெண்டு மாசமா பிரிண்டர் பிரிவு."

"ஏன்?"

சிக்கிய காகிதத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் நான் நோட்டை எடுத்தபோது நிறுத்தினாள்.

"எழுதப் போறியா?"

"இல்ல, சும்மா."

"எழுதிக்கோ. ஆனா யாரையும் அழ வெக்காத. அங்க யாரும் அழல. அழ நேரமில்ல."

2

முதல் தொடக்கம்:

"மனிதனும் ஒரு சர்வர்தான். அவனுக்குள் இருக்கும் நினைவகத்தில், மறந்துவிட்டதாக அவன் நம்பும் ஒவ்வொரு முகமும்"

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். எழுதும்போது எனக்கே புல்லரித்தது என்பதையும் மறைக்கவில்லை.)

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நினைவகமா? யாருடா அது?"

"மெமரிதான்க்கா. அதுக்குத் தமிழ்ல"

"மெமரின்னே எழுது. நீளமா, சீப்பு மாதிரி இருக்கும். சொருகினா மெஷின் வேகமா ஓடும். அவ்ளோதான். அதுக்குள்ள அப்பாவக் கொண்டு வராத."

(கொண்டுவந்திருந்தேன். மூன்று பத்தி. நன்றாகவே அழுதிருப்பீர்கள். எடுத்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் அக்கா ஓர் இயந்திரத்தை நிறுத்தினாள்."

இதில் இலக்கியம் குறைவு. ஆனால் நடந்தது இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

3

நிறுத்துவதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையில் ஆறு பேர் தொலைபேசி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அழைப்பு வந்ததும், பேசுபவரின் எண்ணும் அவர் இருக்கும் இடமும் திரையில் தானாக வந்துவிடும். அதைக் கொண்டுவந்து தருவது பக்கத்துக் கண்ணாடி அறையில், ராக் எனப்படும் ஆளுயர இரும்புச் சட்டத்தில் படுத்திருக்கும் ஒரு சர்வர். பேச்சைப் பதிவுசெய்து வைப்பதும் அதுவே. சில மாதங்களாக அது தள்ளாடியது. ஒரு வரைபடம் திறக்க ஒன்பது நொடி. ஒன்பது நொடி ஒன்றும் பெரிதில்லை என்று நினைப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

எட்டு மெமரி இருக்கும் இடத்தில் இன்னும் எட்டைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். பதினாலு மாதம் கழித்து, அவசரம் என்று முத்திரையிட்ட பெட்டியில், எட்டும் வந்து சேர்ந்தன.

மெமரி சேர்க்க வேண்டுமானால் சர்வரை அணைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மாற்று சர்வர் ஓட வேண்டும். மாற்று சர்வர் ஒன்று உண்டு. அதே ராக்கில், கீழ்த் தட்டில். அதன் உள்ளிருந்த பாகங்களை இரண்டு வருடங்களாக ஒவ்வொன்றாக மற்ற இயந்திரங்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது முன்பக்கத் தகடும் அதில் ஒட்டிய சீட்டும்: "நல்ல நிலையில் உள்ளது." கீழே அதிகாரியின் கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு, புதுக் கையெழுத்து. பாகம் குறையக் குறைய கையெழுத்து அழகாகிக்கொண்டே போயிருக்கிறது.

"மாத்து சர்வர் இல்லாம நான் இத நிறுத்த மாட்டேன் சார்" என்றாள் அக்கா.

"இருக்கே மேடம்."

"சீட்டுதான் சார் இருக்கு."

அதிகாரி சிரித்தார். கெட்டவர் அல்ல, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. (அவருக்குக் கொஞ்சம் மீசையும் வில்லத்தனமும் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அக்காவும் ஒப்புக்கொள்ளவில்லை.) "செவ்வாய் மதியம் கூட்டமே இருக்காது. அரை மணி நேரம் பேப்பர்ல எழுதிக்கட்டும். அந்தக் காலத்துல அப்படித்தானே பண்ணாங்க. அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க, ஒன்பது செகண்டோட அவங்க முன்னாடி நிக்க முடியாது."

அக்கா மூன்று நாள் மறுத்தாள். நான்காம் நாள் நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்டாள். ஏன் என்று கேட்டேன். "அந்த ஒன்பது செகண்ட் எனக்கும் பிடிக்கல" என்றாள்.

4

இரண்டு மணி. தொலைபேசி எப்போதும்போல அடிக்கும். அதற்குத் தனிப்பெட்டி, அதே ராக்கில் மேல் தட்டில். ஆனால் யார் பேசுகிறார்கள், எங்கிருந்து என்பது திரையில் வராது. கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆறு பேருக்கும் தாள் கொடுத்தார்கள். சுவரில் பலகை, பலகையில் வண்டிக்கு ஒரு காந்த வில்லை.

உடம்பிலிருந்து பாயும் மின்சாரம் பாகங்களைக் கெடுக்காதபடி அக்கா மணிக்கட்டில் நிலைமின்சாரப் பட்டையைக் கட்டிக்கொண்டு, அதன் வயரை ராக்கின் இரும்பில் மாட்டினாள். சர்வரை மேசை டிராயர்போல இழுத்தாள். மேல்மூடி, காற்றை வழிநடத்தும் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு, இரண்டையும் கழற்றினாள். உள்ளே பதினாறு இடங்கள், வரிசையாக எண் போட்டு. இரண்டு முனையிலும் குட்டிக் கொக்கி. மெமரியைத் தங்கநிற விளிம்பில் விரல் படாமல் பிடித்து, இரு கட்டை விரலாலும் சமமாக அழுத்தினால், கொக்கிகள் தாமாக எழுந்து 'டக்' என்று கவ்வும். ஓர் இடத்துக்கு இரண்டு டக்.

"அந்தச் சத்தத்த எண்ணணும்டா. எட்டுக்கு பதினாறு டக். நான் எப்பவும் எண்ணுவேன்."

அன்று எண்ணிக்கொண்டிருக்கும்போது அதிகாரி கண்ணாடிக் கதவைத் திறந்து, "எவ்ளோ நேரம் மேடம் ஆகும்?" என்றார். அக்கா பதில் சொன்னாள். பிறகு எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.

இரண்டு பன்னிரண்டுக்கு எல்லாம் முடிந்தது. மின்சாரம் கொடுத்தாள். மெமரி முழுவதையும் சர்வர் தானே சோதித்துக்கொண்டு எழுந்திருக்க எட்டு நிமிடம் ஆகும். எட்டு நிமிடம் போனது. பத்து போனது. திரை கறுப்பு. முன்பக்கத்தில் ஆரஞ்சு நிற விளக்கு. விசிறிகள் மட்டும் விமானம் கிளம்புவதுபோல அலறிக்கொண்டிருந்தன.

அதிகாரி மறுபடி வந்தார். "என்ன மேடம், கறுப்பா இருக்கு?"

"தெரியுது சார்."

மின்சாரத்தைத் துண்டித்து அக்கா மறுபடி மூடியைத் திறந்தபோது மணி இரண்டு இருபத்தொன்பது.

5

(இந்தப் பகுதி நீக்கப்பட்டது. இதில் அழைப்பு எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. நல்ல உருக்கமான பகுதி. "அது நம்ம அம்மா இல்லடா, யாரோ ஒருத்தர். யாரோ ஒருத்தர்னா பத்தாதா உனக்கு?" என்று அக்கா கேட்டாள். எனக்குப் பத்தவில்லைதான். இருந்தாலும் நீக்கிவிட்டேன்.)

6

அனுமதி முப்பது நிமிடம். அழைப்பு வந்தது முப்பத்தொன்றாவது நிமிடத்தில். நானாகக் கற்பனை செய்திருந்தால் நாற்பது என்று வைத்திருப்பேன். கொஞ்சம் நம்பும்படி இருந்திருக்கும்.

எடுத்தவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண். ஆறு பேரில் அவள் குரல்தான் மிக மெல்லியது. அதனால் அறையில் எல்லோரும் அவளை 'மெல்லிசு' என்றார்கள். ஓர் ஆண், மனைவி சமையலறையில் விழுந்துவிட்டாள், வாய் கோணுகிறது, பேச்சு வரவில்லை என்றார். 'பள்ளிக்கூடத் தெரு, பதினேழு' என்று மெல்லிசு எழுதினாள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் பலகையில் வில்லையை நகர்த்தினார். வண்டி போனது.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தெரு இரண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இரண்டு முப்பத்தெட்டுக்கு ஓட்டுநர் பேசினார். "பதினேழுல ஒரு டெய்லர் இருக்காரு. யாரும் விழலங்கறாரு. சந்தேகம்னா நீங்களே பேசுங்கங்கறாரு."

அந்த வண்டியை உடனே பாலத்துக்குத் திருப்பியிருக்கலாம் என்பீர்கள். நானும் சொன்னேன். அந்தப் பக்கத் தெருவில் பதினேழு என்ற எண்ணில் நான்கு வீடுகள் உண்டு, ஏ முதல் டி வரை, இரண்டு முனையிலும் சிதறி. தவிர, தெருவின் பெயரையே தவறாகக் கேட்டிருந்தால்? மெல்லிசு அதைத்தான் முதலில் நினைத்தாள். எழுந்து கண்ணாடி அறைக்கு ஓடினாள்.

"அக்கா, ரெண்டு முப்பத்தொண்ணுக்கு வந்த கால். நம்பர் மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

அக்காவின் முன்னால் சர்வர் வயிறு திறந்து கிடந்தது. அதில் ஒன்றும் எடுக்க முடியாது. புதிய எட்டையும் பிடுங்கிவிட்டுப் பழையபடி எழுப்ப இன்னும் பத்து நிமிடம் ஆகும். அவள் கண்ணை மூடி, தன் ராக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை நினைத்துப் பார்த்தாளாம். மேல் தட்டில் தொலைபேசிப் பெட்டி. அதில் தீப்பெட்டி அளவு திரை ஒன்று. பெட்டியைப் பொருத்திய நாளுக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. அதன் பட்டனை அழுத்தி அழுத்தி, பட்டியலுக்குள் பட்டியலாக இறங்கினால், கடைசியாக வந்த இருபது எண்கள் இருக்கும்.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றாமலேயே எட்டினாள், வயர் பிடித்து இழுத்தது, பிய்த்து எறிந்தாள். இரண்டு முப்பத்தொன்றுக்கு நேராக இரண்டு எண்கள். ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தாள். மெல்லிசு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

முதல் எண்ணில் ஒரு பெண்மணி. "குழந்தை போன வெச்சு விளையாடிச்சுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று விளக்கமாக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். மெல்லிசு வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பேசும்போதே தொலைபேசியை வைத்தாள்.

இரண்டாவது எண்ணில் அவர்.

"ஆத்துக்கு எந்தப் பக்கம் சார் நீங்க?"

"இந்தப் பக்கம்தாங்க."

"எந்த இந்தப் பக்கம்?"

"எனக்கு... எனக்கு இது இந்தப் பக்கம்தாங்க. தண்ணித் தொட்டி இருக்கே, அதுக்கு எதிர்ல."

தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம். வண்டி பாலத்தைத் தாண்டியது. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வாசலில் நின்றது. பதினாலு நிமிடம் வீண்.

இதற்கிடையில் அக்கா புதிய மெமரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினொன்றாவது இடத்தில் ஒரு முனை, நகத்தின் தடிமன் அளவு, மேலே நின்றது. ஒரு கொக்கி கவ்வவில்லை. அழுத்தினாள். டக். எல்லாவற்றையும் மூடி மின்சாரம் கொடுத்தாள். மூன்று மணிக்குச் சர்வர் எழுந்தது.

வரைபடம் ஒரு நொடிக்குள் திறந்தது. அதிகாரி கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார்.

7

நிறுத்தம் நீடித்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று மூன்று கட்டங்கள்: மின்தடை, பொருள் பழுது, மனிதத் தவறு.

"பொருள் பழுதுன்னு டிக் பண்ணிடுங்க மேடம்" என்றார் அதிகாரி. "பொருளுக்கு வாய் கிடையாது. யாருக்கும் தொந்தரவில்ல."

அக்கா மூன்றாவது கட்டத்தில் டிக் செய்தாள். கீழே இருந்த ஒன்றரை வரி இடத்தில், பொடி எழுத்தில், ஐந்து வரி எழுதினாள். பதினொன்றாவது இடத்தில் மெமரி சரியாக உட்காரவில்லை, உட்கார வைத்தது நான். மாற்று சர்வர் இல்லை, இருப்பதாக மாதாமாதம் கையெழுத்தாகியிருக்கிறது.

முதல் வாக்கியத்துக்காக அவளைப் பிரிண்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டாவது வாக்கியம் விசாரணையில் இருந்தது. அது விசாரணையில் இருக்கும்போதே புது மாற்று சர்வர் வந்து இறங்கியது. அதிகாரி ரிப்பன் வெட்டினார். போட்டோவில் பின்வரிசையில், பாதி முகத்தோடு, கையில் ஒரு பிரிண்டர் தட்டைப் பிடித்தபடி நிற்பவள் என் அக்கா.

கதை இங்கே முடிந்திருந்தால் அலுவலகங்களைப் பற்றிய ஒரு நல்ல நையாண்டியாக இருந்திருக்கும். ஏதாவது ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் படத்தோடு வந்திருக்கும். நானும் இங்கேயே முடித்துவிடத்தான் பார்த்தேன்.

"மிச்சத்தக் கேக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

8

ஐந்து வாரம் கழித்து அந்த மனிதர் வந்தார்.

அக்கா வரவேற்பு மேசைக்குக் கீழே குனிந்து அங்கிருந்த பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவருடைய செருப்பைத்தான் பார்த்தாளாம். இரண்டும் வேறு வேறு ஜோடி. கையில் ஒரு விண்ணப்பம். அன்றைக்கு அவர் பேசியதன் பதிவு வேண்டும் என்றார். அதிகாரியை அழைத்தார்கள்.

"அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பதிவு இல்லீங்க. பராமரிப்பு" என்றார் அதிகாரி, மிக வருத்தமாக.

அக்கா எழுந்தாள். "அன்னிக்கு சர்வர் நின்னு போச்சு சார். நிறுத்தினது நான்தான். அரை மணியில திரும்ப ஓடியிருக்கணும். ஓடாததுக்கும் நான்தான் காரணம்."

இதைச் சொல்ல ஐந்து வாரமாக அவள் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தாள். அவர் திட்டுவார், கத்துவார், கையை ஓங்குவார் என்று ஒவ்வொன்றுக்கும் தயாராக இருந்தாள். அவரோ தலையை மட்டும் ஆட்டினார், பக்கத்து வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல.

"அது இருக்கட்டும்மா. நான் பக்கத்தச் சொன்னேனா?"

"என்ன சார்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னேனா, இல்ல வெறும் தெருவு பேர மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேனா? எனக்கு ஞாபகமே வரல. கைகால் ஓடல அப்ப. அவளுக்குப் பேச்சு வந்துடுச்சு. வலது கைதான் இன்னும் வரல. சீக்கிரம் வந்திருந்தா வந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான்தான் ராத்திரியெல்லாம் அந்த போனத் திரும்பத் திரும்பப் பேசிப் பாக்கறேன். ஒரு தடவ சொல்றேன், ஒரு தடவ சொல்லல."

பதிவு இல்லை. தாளில் தெருவும் எண்ணும் மட்டும். அவர் சொல்லாததால் எழுதப்படவில்லையா, சொல்லியும் எழுதப்படவில்லையா என்று தாளுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டீ எடுக்க வெளியே வந்த மெல்லிசு எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியவில்லை.

"சொன்னீங்க சார். நான்தான் எழுதல."

அவர் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று எழுதினேன், அக்கா அடித்துவிட்டாள். சாதாரணமாகத்தான் பார்த்தாராம். பிறகு விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார். "பாத்து வேலை செய்ம்மா" என்றார். வெளியே போனார்.

அதிகாரியும் அங்கேதான் நின்றிருந்தார். ஐந்து வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்த, தன் கையெழுத்தோடு சம்பந்தப்படாத ஒரு மனிதத் தவறு, இரண்டு காலில் நடந்து வந்து, கையில் டீயோடு நிற்கிறது. மறுநாளே அதை எழுத்தில் வாங்கிவிட்டார். விசாரணை முடிந்தது. மெல்லிசை மூன்று மாதத்துக்குத் தொலைபேசியிலிருந்து விலக்கிப் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் போட்டார்கள். சர்வர் ஓடியிருந்தால் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இடம் தானாக வந்திருக்கும் என்று அக்கா ஒரு கடிதம் கொடுத்தாள். அது பரிசீலனையில் உள்ளது. எங்கள் ஊரில் பரிசீலனை என்பது ஓர் அலமாரி.

9

முடிவுகள்.

(அ) மெல்லிசுக்கு அது நன்றாக நினைவிருந்தது. பதற்றத்தில் எழுதாமல் விட்டாள். ஐந்து வாரமாகச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

(ஆ) அவருக்கு நினைவில்லாததுபோலவே மெல்லிசுக்கும் ஒன்றும் நினைவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் இரவில் தூங்கலாம் என்றிருந்தால், வீட்டில் கை வராத மனைவி உள்ளவர் தூங்கட்டும் என்று அந்த ஒரு கணத்தில் முடிவு செய்தாள்.

(இ) அவர் சொல்லவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியிருந்தும்

(இதை இங்கே முடிக்க என் கை வரவில்லை.)

"நீ கேட்டிருப்பியே" என்றேன் அக்காவிடம். "அவர் போனப்பறம் அவகிட்ட, நிஜமாவே சொன்னாரான்னு."

"கேக்கல."

"எப்படிக்கா கேக்காம இருந்த?"

"கேட்டா அவ ஒரு பதில் சொல்லணும். அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்குக் கதைக்கு வேணுமே."

"நீ எழுதறவன்தானே. எதையாவது ஒண்ண வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று வாரமாக வைத்துப் பார்க்கிறேன். (அ)வை எழுதினேன். (ஆ)வை எழுதினேன். நேற்று துணிந்து (இ)யையும் எழுதி முடித்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெல்லிசு பேசும் இடத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூன்றிலும் அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதே நான்கு சொற்களைத்தான் சொல்கிறாள்.

ஆகவே அந்த நான்கு சொற்களை மட்டும் அச்சுக்குக் கொடுக்கிறேன். வாசிக்கும்போது உங்களுக்கு ஏதோ ஒரு குரலில் அது கேட்டிருக்கும். எந்தக் குரல் என்று எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம்.